மைனஸ் 30-க்குப் போகும் மலைக்காரர்களுக்கு: கதகதப்பான பூட்ஸைக் குறைந்த செலவில் வாங்கும் முழு வழிகாட்டி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கத்துப் பிள்ளைகள் கனடாவுக்குப் படிக்கக் கிளம்பும்போது வீட்டில் ஒரு பேச்சு கட்டாயம் வரும். "நமக்கென்ன, குளிர் பழக்கம்தானே. கீழ்நாட்டுப் பசங்கதான் கஷ்டப்படுவாங்க." மேலுடம்பைப் பொறுத்தவரை இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஸ்வெட்டரை அடுக்கிப் போடவும், காதை மூடவும், ஈரத் துணியோடு நிற்காமல் இருக்கவும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பாத விஷயத்தில் மட்டும் இந்தத் தைரியம் உதவாது.

டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும்போது வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியோ, ஒன்றிரண்டு டிகிரி கீழேயோ இருக்கும். வெயில் ஏறினால் அந்த வெள்ளை இருந்த இடம் தெரியாது. மதியம் 20 டிகிரிக்குப் போய்விடும். வின்னிபெக் நகரத்தில் ஜனவரி மாதத்துச் சராசரிப் பகல் உச்சமே மைனஸ் 11 அளவில்தான் நிற்கும். இரவுச் சராசரி மைனஸ் 21 அளவு. மைனஸ் 30-ஐத் தொடும் நாட்களும் உண்டு. வெயில் பளீரென்று அடித்தாலும் தரை மாதக்கணக்கில் இளகாது. அந்தத் தரையில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்கப் போவது உங்கள் பாதம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூட்ஸை அங்கே போய் வாங்குங்கள். சாக்ஸையும் கால் அளவையும் இங்கிருந்து கொண்டுபோங்கள். வாங்கும்போது பிராண்டுக்கும் தடிமனுக்கும் காசு கொடுப்பதைவிட, விரல் அசைய இடம் இருக்கிறதா, உள்துணியைக் கழற்றிக் காயவைக்க முடியுமா என்ற இரண்டுக்கும் காசு கொடுங்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

முதல் படி: எந்த ஊர், என்ன வேலை

"கனடா" என்று பொதுவாகச் சொல்லி ஒரு பூட்ஸ் வாங்க முடியாது. வான்கூவரில் குளிர்காலம் என்றால் பெரும்பாலும் மழை; நம்மூர் ஜூலை மாதத்தை இன்னும் கொஞ்சம் குளிர்வித்தது மாதிரி. அங்கே நல்ல நீர்புகா ஷூவும் கம்பளி சாக்ஸும் போதும். டொரன்டோவில் ஜனவரி இரவுச் சராசரி மைனஸ் 7 பக்கம். பகலில் பூஜ்யத்தைச் சுற்றியே ஆடும். அதனால் பனி விழும், இளகும், உப்பும் சேறும் கலந்த கூழாக மாறும், ராத்திரியில் மறுபடி கட்டியாகும். இந்த ஊருக்குத் தடிமனைவிட நீர் புகாத தன்மையும் வழுக்காத சோலும் முக்கியம். வின்னிபெக், சஸ்கட்டூன், எட்மன்டன் போன்ற உள்நாட்டு ஊர்களுக்குத்தான் முழு அளவு கதகதப்பு தேவை. அங்கே பனி காய்ந்த மாவாகக் கிடக்கும். நடுக்குளிர்காலத்தில் காலில் ஈரம் ஒட்டுவதே குறைவு.

அடுத்து, வெளியே என்ன செய்யப் போகிறீர்கள் என்று பாருங்கள். நடந்துகொண்டே இருப்பவருக்குக் கால் தானாகவே சூடு தரும். பஸ் நிறுத்தத்தில் இருபது நிமிடம் அசையாமல் நிற்பவருக்கு அது கிடையாது. ஒரே ஊர், ஒரே நாள் என்றாலும் இருவருக்கும் வேண்டிய பூட்ஸ் வேறு. மாலை ஷிஃப்ட் முடிந்து இரவு பதினொரு மணிக்கு வெளியே வரப்போகிறவர், வானிலைச் செய்தியில் பகல் எண்ணைப் பார்க்காமல் இரவு எண்ணைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

காற்றுக் குளிர் என்று ஒரு எண் தனியாகச் சொல்வார்கள்: "மைனஸ் 25, ஆனால் மைனஸ் 38 போல இருக்கும்". அந்த இரண்டாவது எண் திறந்திருக்கும் தோலுக்கானது. முகத்தையும் கையையும் மூட அதைப் பாருங்கள். பூட்ஸுக்கு முதல் எண்ணே கணக்கு.

இரண்டாம் படி: மலையில் வாங்க வேண்டியதும் வாங்கக் கூடாததும்

ஊட்டி மார்க்கெட்டிலோ கொடைக்கானல் அண்ணா சாலையிலோ உள்ளே ரோமம் வைத்த பூட்ஸ் தொங்கும். "அண்ணா, இது மைனஸ் டிகிரி தாங்குமா?" என்று கேட்டால், "தாராளமா தாங்கும் தம்பி, இதைப் போட்டுக்கிட்டு காஷ்மீரே போயிட்டு வந்திருக்காங்க" என்று பதில் வரும். கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் பார்த்த குளிருக்கு அது தாங்கும்தான். ஆனால் அந்த ரோமம் பெரும்பாலும் மெல்லிய செயற்கைப் பஞ்சு. ஒரு மாதம் மிதித்தால் படுத்துவிடும். சோல் பிளாஸ்டிக் கலவையாக இருந்தால் கடுங்குளிரில் கல்லாக இறுகி வழுக்கும், சில சமயம் வெடிக்கும். அதைச் சுமந்துபோவதில் அர்த்தமில்லை. ஒரு ஜோடி நல்ல பனி பூட்ஸ் ஒன்றரை முதல் இரண்டு கிலோ இருக்கும். அந்த எடைக்கு உங்கள் அம்மா வேறு ஏதாவது கட்டிக் கொடுக்கட்டும்.

நம் டீ எஸ்டேட்டில் அட்டைக்கும் சகதிக்கும் போடும் ரப்பர் கம்பூட்ஸையும் சிலர் யோசிக்கிறார்கள். ஒட்டுமொத்தமாகத் தள்ள வேண்டியதில்லை. ஜனவரியில் லடாக்கில் உறைந்த ஜான்ஸ்கர் ஆற்றின் மேல் நடக்கும் சாதர் பயணத்தில் பலரும் போடுவது கம்பூட்ஸ்தான். அளவில் பெரியதாக எடுத்து, உள்ளே தடித்த கம்பளி சாக்ஸ் போட்டுக்கொள்கிறார்கள். சாதர் போகிறவர்களுக்கு லே பஜாரிலேயே அது கிடைக்கும் என்பதால் இங்கிருந்து தூக்கிப் போக வேண்டாம். உள்ளே எந்தக் கதகதப்பும் இல்லாத, காலைக் கவ்விப் பிடிக்கும் எஸ்டேட் கம்பூட்ஸை மட்டும் நம்பி மைனஸ் 20-ல் நிற்கக் கூடாது. வியர்வை வெளியே போக வழியில்லை, பாதம் உள்ளுக்குள்ளேயே நனைந்துவிடும்.

இங்கே வாங்க வேண்டியது சாக்ஸ். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. "கம்பளி" என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி அக்ரிலிக் நூல். ஊட்டி திபெத்திய மார்க்கெட்டில் தொங்கும் ஸ்வெட்டர்களில் நிறைய லூதியானா சரக்கு. பார்க்கக் கம்பளி போலவே இருக்கும். அக்ரிலிக் ஒன்றும் மோசமில்லை, ஆனால் விலை கொடுப்பது எதற்கு என்று தெரிந்து கொடுக்க வேண்டும். சாக்ஸின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, விரலில் நசுக்கினால் பொடியானால் அது ஆட்டு ரோமம். உருகிக் கடினமான கறுப்பு உருண்டையாக நின்றால் செயற்கை நூல். இரண்டும் கலந்திருந்தால் இரண்டும் தெரியும். கொஞ்சம் நைலான் கலந்தது நல்லதுதான். குதிகால் சீக்கிரம் கிழியாது. பில் போட்டபின், வீட்டில் வைத்து, சொந்தச் சாக்ஸில் செய்யுங்கள். முதலில் ஒரே ஒரு ஜோடி வாங்கிச் சோதித்துவிட்டு, தேறினால் மீதியை வாங்கலாம்.

ஆட்டு ரோமத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்றால், தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கிக்கொண்டும் அது ஈரமாகத் தெரியாது. பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தோலோடு ஒட்டும். பள்ளிக்கூட வெள்ளைச் சாக்ஸ் எல்லாம் அங்கே வீட்டுக்குள் போடத்தான். (ஊட்டியை அடுத்த சாண்டிநல்லாவில் நீலகிரி ஆட்டினத்துக்கும், கொடைக்கானல் மன்னவனூரில் ரோம ஆடுகளுக்கும் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. ரோம ஆட்டை வளர்த்துப் பார்க்கும் இரண்டு மலைகளிலும் கடைத்தெருவில் அக்ரிலிக்தான் ஆட்சி செய்கிறது.)

மூன்று ஜோடி தடித்த கம்பளி சாக்ஸ், மூன்று ஜோடி மெல்லியது. இது போதும். வீட்டில் பின்னல் தெரிந்த பாட்டியோ அத்தையோ இருந்தால் சொல்லவே வேண்டாம். நூலை மட்டும் நெருப்பில் காட்டிப் பார்த்து வாங்கிக் கொடுங்கள், அடிப்பாதத்தில் முடிச்சு வராமல் பின்னச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: பாதத்தை அளப்பது

கிளம்பும் முன் வீட்டில் செய்ய வேண்டிய வேலை இது. சாயங்காலம் அளக்க வேண்டும், காரணம் நாள் முழுதும் நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். தடித்த சாக்ஸைப் போட்டுக்கொண்டு, சுவரில் குதிகால் முட்ட ஒரு தாளின் மேல் நில்லுங்கள். நீளமான விரல் முடியும் இடத்தில் கோடு போட்டு, சென்டிமீட்டரில் எழுதுங்கள். அகலமான இடத்தையும் அளந்துகொள்ளுங்கள். இரண்டு காலும் ஒன்றாக இருக்காது. பெரியதையே கணக்கில் எடுங்கள்.

சென்டிமீட்டர் ஏன் என்றால், நம் கடைகளில் இருப்பது பிரிட்டிஷ் எண், கனடாவில் அமெரிக்க எண். இங்கே 8 போடும் ஆண் அங்கே ஏறக்குறைய 9 தேட வேண்டும். இங்கே 5 போடும் பெண்ணுக்கு அங்கே பெண்கள் அளவில் 7 பக்கம் வரும். கம்பெனிக்குக் கம்பெனி இதுவும் மாறும். சென்டிமீட்டர் மாறாது.

செருப்பிலேயே வளர்ந்த நம் பாதம் பலருக்கும் முன்பக்கம் அகலம். மேல்நாட்டுக் காலணிகளில் அகல வகை தனியாக வருகிறது, கேட்டால் எடுத்துத் தருவார்கள். பெண்களுக்கான பூட்ஸ் குறுகலாக இருந்தால் ஆண்கள் வரிசையில் பார்க்கத் தயங்காதீர்கள். பையன்கள் பிரிவில் சின்ன அளவுகள் விலையும் குறைவாக இருக்கும்.

நான்காம் படி: ஒரு பூட்ஸ் எதனால் சூடாக இருக்கிறது

பூட்ஸ் சூட்டை உண்டாக்காது. கால் உண்டாக்கும் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். பிடித்து வைப்பதும் துணியோ ரோமமோ இல்லை. அவற்றின் நடுவே அசையாமல் நிற்கும் காற்று. புதிதாக அடித்த இலவம்பஞ்சுத் தலையணைக்கும், வருஷக்கணக்கில் தலை வைத்துத் தட்டையான தலையணைக்கும் உள்ள வித்தியாசம் இங்கேயும் உண்டு. இரண்டிலும் பஞ்சு அதே எடைதான். ஒன்றில் காற்று இருக்கிறது, மற்றதில் இல்லை. இறுக்கமான பூட்ஸுக்குள் மூன்று சாக்ஸைத் திணிக்கும்போது நடப்பது இதுதான். பஞ்சு நசுங்கும், காற்று போகும், ரத்த ஓட்டமும் குறையும். "இவ்வளவு போட்டும் குளிருதே" என்பவர்களில் பாதிப் பேரின் பிரச்சினை அவர்கள் போட்டிருக்கும் மூன்றாவது சாக்ஸ்.

இப்போது பூட்ஸைப் பகுதி பகுதியாகப் பார்ப்போம்.

மைனஸ் 20-க்குக் கீழே போகும் ஊர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது, கீழ்ப்பாதி ரப்பர், மேல்பாதி தோல் அல்லது நைலான், உள்ளே தனியாகக் கழற்றக்கூடிய ஃபெல்ட் லைனர் (உள்துணி) உள்ள வகை. சோரெல், கமிக், பாஃபின் போன்ற பெயர்களில் இதைப் பார்க்கலாம். பெயர் தெரியாத கடைச் சரக்கிலும் இதே அமைப்பு கிடைக்கும். ஃபெல்ட் என்பது ரோமத்தை நெய்யாமல் அழுத்திச் செய்த தடித்த துணி. 6 மில்லிமீட்டர், 9 மில்லிமீட்டர் என்ற கணக்கில் வரும். பார்க்க யானைக்கால் மாதிரிதான் இருக்கும். அழகு பார்க்கிறவர்கள் அங்கே தங்கள் முதல் ஜனவரி வரும்வரை பார்க்கலாம்.

கழற்றும் லைனருக்கு நான் இவ்வளவு அடம்பிடிக்கக் காரணம் வியர்வை. எவ்வளவு குளிரிலும் பாதம் வியர்க்கும், அந்த ஈரம் லைனரில் சேரும். முதல் நாள் சூடாக இருந்த பூட்ஸ் மூன்றாம் நாள் குளிரத் தொடங்கினால் பழுது ஒன்றும் இல்லை, உள்ளே ஈரம் சேர்ந்திருக்கிறது. லைனரை உருவி ராத்திரி தனியாக வைத்தால் காலையில் காய்ந்திருக்கும். உள்ளேயே தைத்த பூட்ஸ் காய ஒரு முழு நாள்கூட ஆகலாம். தினமும் வேலைக்குப் போகிறவருக்கு அந்த ஒரு நாள் கிடையாது.

நகரத்தில் நடக்க, டொரன்டோ மாதிரி ஊர்களுக்கு, இவ்வளவு பெரிய பூட்ஸ் தேவையில்லை. உள்ளே 200 கிராம் அல்லது 400 கிராம் தின்சுலேட் (ஒரு வகை மெல்லிய செயற்கைப் பஞ்சு) என்று எழுதிய, கணுக்காலுக்கு மேல் வரும் நீர்புகா பூட்ஸ் போதும். அந்தக் கிராம் பூட்ஸின் எடை இல்லை, ஒரு சதுர மீட்டர் பஞ்சின் எடை. 200 நடப்பவருக்கு, 400 நின்று நின்று போகிறவருக்கு. 800, 1000 எல்லாம் அசையாமல் வேட்டைக்கு உட்கார்ந்திருப்பவர் சமாச்சாரம், பஸ்ஸுக்குள் ஏறினால் கால் வெந்துவிடும்.

சோல் தடிமனாக இருக்க வேண்டும். உறைந்த தரை அடியிலிருந்துதான் சூட்டை இழுக்கும், மேலே எவ்வளவு ரோமம் இருந்தாலும் இதற்கு மருந்து ஆகாது. கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். செருப்பைப் போலச் சுலபமாக மடங்கினால் வேண்டாம். கூடவே ஒரு தடித்த ஃபெல்ட் இன்சோல் வாங்கிப் போடுவது, மொத்தச் செலவில் மிக மலிவான கதகதப்பு. ஆனால் அதற்கும் உள்ளே இடம் வேண்டும்.

நாக்குப் பகுதியைக் கவனியுங்கள். லேஸுக்குக் கீழே வரும் நாக்கு இரண்டு பக்கமும் பூட்ஸோடு சேர்த்துத் தைத்திருந்தால் பனிக்கூழ் உள்ளே புகாது. தனியாக ஆடிக்கொண்டிருந்தால் தையல் வழியாகத் தண்ணீர் வரும். ஜிப் வைத்தது வசதிதான், ஆனால் உப்பும் சேறும் முதலில் கெடுப்பதும் ஜிப்பைத்தான்.

ஐந்தாம் படி: லேபிளை எவ்வளவு நம்புவது

"மைனஸ் 40 வரை" என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். எல்லாக் கம்பெனிகளும் ஒரே முறையில் அளந்து போட வேண்டும் என்று கட்டாயம் இல்லாததால், ஒருவர் மைனஸ் 40-ம் இன்னொருவர் மைனஸ் 40-ம் ஒன்றில்லை. பெரும்பாலும் நடந்துகொண்டே இருப்பவரை மனதில் வைத்துச் சொன்ன எண். ஆகவே பத்துப் பதினைந்து டிகிரியைக் கழித்துவிட்டுப் படியுங்கள். மைனஸ் 40 என்றால் மைனஸ் 25-க்கு நிம்மதி. நம்மூர்க் கடையில் மைனஸ் 10 என்று எழுதியிருந்தால் அது ஊட்டி ஜனவரிக்குச் சரி.

பாதுகாப்புக் காலணிகளில் மட்டும் கொஞ்சம் உறுதியான எண் உண்டு. ஐரோப்பிய விதிப்படி 'சிஐ' (CI) என்ற குறி இருந்தால், மைனஸ் 17 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தும் உள்ளே 10 டிகிரிக்கு மேல் வெப்பம் இறங்கவில்லை என்று அர்த்தம். கனடாவில் கிடங்கு, கட்டுமானம், தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்கள் வேறொரு குறி தேட வேண்டும்: பச்சை முக்கோணம். அது சிஎஸ்ஏ என்ற தர அமைப்பின் குறி. விரல் பகுதிக்குக் கவசமும் ஆணி துளைக்காத அடியும் உண்டு என்று சொல்லும். அது இல்லாமல் பல இடங்களில் முதல் நாளே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரும்புக் கவசம், இரும்பில்லாத கலவைக் கவசம் (composite) இரண்டும் கிடைத்தால் குளிருக்குக் கலவை நல்லது. வகுப்புக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று என்று இரண்டு வாங்குவதைவிட, வேலைக்கான பூட்ஸே கதகதப்புள்ளதாக எடுத்தால் ஒரு செலவு மிச்சம்.

வழுக்கல் பற்றி லேபிள் சொல்வதைச் சுத்தமாக மறந்துவிடலாம். டொரன்டோவில் மறுவாழ்வு மருத்துவ ஆய்வாளர்கள், சாய்க்கக்கூடிய உண்மையான பனித்தரையில் ஆட்களை நடக்கவிட்டு, எத்தனை டிகிரி சாய்வு வரை வழுக்காமல் நிற்கிறது என்று பூட்ஸ்களைச் சோதித்தார்கள். 2016-ல் வெளியிட்ட முதல் சுற்றில் 98 பூட்ஸ்களில் வெறும் 9 மட்டும்தான் குறைந்தபட்ச 7 டிகிரியைத் தாண்டின. விலைக்கும் பிடிப்புக்கும் நேர்த் தொடர்பு இல்லை. 'ரேட் மை ட்ரெட்ஸ்' (Rate My Treads) என்று தேடினால் அவர்கள் பட்டியல் கிடைக்கும். தேறியவற்றுக்குப் பனித்துளிப் படம் போட்டு மதிப்பெண் கொடுத்திருப்பார்கள். கடைக்குப் போகும் முன் போனில் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள், காசு செலவில்லாத வேலை. இடுப்பு எலும்பு உடைந்தால் ஆகும் செலவை யோசித்தால் இந்த ஒரு படியைத் தாண்ட மனம் வராது.

ஆறாம் படி: கடையில் போட்டுப் பார்ப்பது

சாயங்காலம் போங்கள், ஊரிலிருந்து கொண்டுபோன தடித்த சாக்ஸோடு. லேஸ் கட்டாமல் காலை முன்னுக்குத் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு லேஸ் கட்டி நின்று, எல்லா விரலையும் மேலும் கீழும் ஆட்டுங்கள். தாராளமாக ஆட வேண்டும். ஐந்து நிமிடம் நடங்கள். குதிகால் கொஞ்சம் எழும்பினால் பரவாயில்லை, கொப்புளம் வருமளவு தேய்க்கக் கூடாது. ஒரு படிக்கட்டு இறங்கிப் பாருங்கள். இறங்கும்போது விரல் முன்னால் போய் முட்டினால் அரை அளவோ ஒரு அளவோ கூட்டுங்கள்.

"இந்தக் காலுக்கு இது பெரிசா இருக்கே" என்று தோன்றினால் சரியான அளவை நெருங்கிவிட்டீர்கள்.

வாங்கிய பில்லை வைத்துக்கொண்டு, இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே போட்டு நடங்கள். வெளியே மிதிக்காத பூட்ஸைப் பெரும்பாலான பெரிய கடைகள் திருப்பி எடுத்துக்கொள்ளும். நாள் கணக்கைப் பில்லிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

ஏழாம் படி: எங்கே, எப்போது மலிவு

செப்டம்பரில் போய் இறங்குபவருக்கு நேரம் இருக்கிறது. முதல் இரண்டு மாதம் சாதாரண ஷூவே போதும். ஜனவரியில் இறங்குபவருக்கு அந்த வசதி இல்லை. விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து கடைக்கும் போகவாவது காலில் ஏதாவது வேண்டும். அவர்கள் மட்டும் இங்கே கோயம்புத்தூரில் டெகத்லான் போன்ற கடையில் பனி நடைக்கான சாதாரண பூட்ஸ் ஒன்று வாங்கி, பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைத்து எடுத்துப்போகலாம். இறங்கும் முன் விமானத்திலேயே மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு அதுவே அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் உதவும்.

அங்கே புதிதாக வாங்க வால்மார்ட், கனேடியன் டயர், காஸ்ட்கோ, வின்னர்ஸ், வேலைக்கான காலணிகளுக்கு மார்க்ஸ். லைனர் உள்ள நல்ல பூட்ஸ் 60 முதல் 120 கனேடிய டாலருக்குள் கிடைக்கும். அலமாரியில் ஒட்டியிருக்கும் விலையில் வரி சேராது: ஒன்டாரியோவில் 13 சதவீதம், மனிடோபாவில் 12, ஆல்பர்ட்டாவில் 5 பில் போடும்போது ஏறும். ஒரு டாலரை 60, 65 ரூபாயால் பெருக்கிப் பார்த்து, வீட்டில் சொல்லிக் கலங்க வைக்காதீர்கள். மூன்று குளிர்காலம் உழைத்தால் வருஷத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். நவம்பர் கடைசித் தள்ளுபடி, டிசம்பர் 26 பாக்சிங் டே இரண்டிலும் விலை இறங்கும். உண்மையான இறக்கம் பிப்ரவரி, மார்ச்சில். கடைகள் வசந்தகாலச் சரக்குக்கு இடம் பண்ணும் நேரம். ஆனால் முதல் குளிர்காலத்தைப் பிப்ரவரி வரை தள்ளிப்போட முடியாதே.

பழைய சரக்குக் கடையைக் கேவலமாக நினைக்க வேண்டாம். வேல்யூ வில்லேஜ், சால்வேஷன் ஆர்மி கடைகளில் புதியதின் விலையில் மூன்றில், நான்கில் ஒரு பங்குக்கு நல்ல பூட்ஸ் அகப்படும். ஊரை விட்டுப் போகிறவர்கள் கிஜிஜி என்ற விளம்பரத் தளத்திலும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் விற்பார்கள். பார்க்க வேண்டிய இடங்கள் தெரிந்தால் போதும். முதலில் சோலைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். வருஷக்கணக்கில் அலமாரியில் சும்மா இருந்த பூட்ஸில், பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரையாலான நடுச்சோல் காற்று ஈரத்தாலேயே இற்றுப்போயிருக்கும். வெளியே புத்தம் புதுசாகத் தெரியும், பத்தடி நடந்தால் துண்டு துண்டாக உதிரும். ரப்பர் கீழ்ப்பாகம் மடங்கும் இடத்தில் மெல்லிய வெடிப்பு இருக்கிறதா என்று விரித்துப் பாருங்கள். லைனர் இல்லாமல் விற்றால் தயங்க வேண்டாம். லைனர் தனியாகக் கிடைக்கும், பழையவர் வியர்வை பட்ட லைனரைவிடப் புதியது நல்லதுதானே. ஆனால் அதன் விலையையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். பழைய பூட்ஸைச் சோப்புத் துணியால் உள்ளே துடைத்து நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். சேற்றுப்புண்ணை இலவசமாக வாங்க வேண்டாம்.

எட்டாம் படி: முதல் குளிர்காலம்

அங்கேயும் நம் வீடு மாதிரி வாசலிலேயே காலணியைக் கழற்றிவிடுவார்கள். கழற்றியதும் லைனரை உருவுங்கள். ஹீட்டர் மேலோ, அடுப்புப் பக்கமோ வைக்காதீர்கள். பசை விடும், தோல் வெடிக்கும். அறையின் சூடே போதும். மிகவும் நனைந்திருந்தால் செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, ஊறியதும் மாற்றுங்கள். மழைக்காலத்தில் பள்ளி ஷூவுக்கு வீட்டில் செய்ததுதான்.

வெள்ளையாகப் படியும் உப்புக் கறையை அப்படியே விட்டால் தோலைத் தின்றுவிடும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமபங்கு கலந்து துணியால் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரில் துடைத்தால் போகும். தோல் பகுதிக்கு மாதம் ஒருமுறை மெழுகு.

வகுப்புக்கோ வேலைக்கோ போய்ச் சேர்ந்ததும் சாதாரண ஷூவுக்கு மாறிக்கொள்ளுங்கள். நாள் முழுக்கச் சூடான கட்டிடத்துக்குள் பனி பூட்ஸோடு உட்கார்ந்திருந்தால் சாக்ஸ் நனையும். சாயங்காலம் வெளியே வந்த பத்தாவது நிமிடம் அந்த ஈரம் வேலையைக் காட்டும். குன்னூரை அடுத்த வெலிங்டனில் பயிற்சி பெற்று லடாக்கில் காவல் நின்று ஓய்வு பெற்ற ராணுவக்காரர்கள் நம் ஊர்களில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பூட்ஸைப் பற்றிப் பேசுவதைவிட, மாற்றுச் சாக்ஸ் பையில் இருக்க வேண்டும், லேஸை இறுக்கக் கூடாது என்பதைத்தான் அதிகம் சொல்வார்கள்.

கண்ணாடி மாதிரிப் பனிக்கட்டி படிந்த நாளில் எந்தச் சோலும் வழுக்கும். பூட்ஸ் மேல் மாட்டும் முள் பட்டை கிடைக்கிறது, யாக்ட்ராக்ஸ் என்பது அதில் ஒரு பெயர். கடைக்குள்ளோ டைல்ஸ் மேலோ போகும் முன் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே ஆளைத் தள்ளும்.

காலைச் சூடாக்கும் கெமிக்கல் பாக்கெட்டுகள் இறுக்கமான பூட்ஸுக்குள் சரியாக வேலை செய்யாது, அவற்றுக்குக் காற்று வேண்டும். தினமும் அதை நம்ப வேண்டியிருந்தால் பூட்ஸ் சரியில்லை.

உடம்பு சொல்வதைக் கவனிப்பது

விரல் வலிக்கும்வரை பெரிய பயமில்லை. வலி நின்று மரத்துப்போய், தோல் வெளுத்து அல்லது சாம்பல் நிறமாகி, மெழுகு போலக் கடினமானால் உறைகாயம் தொடங்கிவிட்டது. உடனே உள்ளே போக வேண்டும். நம் வழக்கப்படி பரபரவென்று தேய்க்கவும் கூடாது, நெருப்பில் காட்டவும் கூடாது. உணர்வில்லாத தோல் வெந்துபோவது தெரியாது. 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைத்து, மருத்துவரிடம் போங்கள். மறுபடி குளிருக்குள் போக வேண்டியிருந்தால், உறைந்த இடத்தை இளக்காமல் போவதே நல்லது. இளகி மறுபடி உறைந்தால் சேதம் அதிகம்.

இன்னொன்று நமக்கு ஊரிலேயே பழக்கமானது. ஈரக்குளிரில் கால்விரல் சிவந்து வீங்கி, போர்வைக்குள் வந்ததும் அரிப்பு எடுக்கும். உறையும் குளிர் வேண்டியதில்லை, கொடைக்கானல் டிசம்பரே போதும். ஊரில் அப்படி வரும் உடம்புக்காரர்கள் அங்கே முதல் மாதத்திலிருந்தே கவனமாக இருக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ள பெற்றோர் பிள்ளைகளைப் பார்க்கக் குளிர்காலத்தில் போனால், அவர்களுக்குக் கால் உணர்வு குறைந்திருக்கலாம். குளிருகிறதா என்று அவர்களைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். வீடு திரும்பியதும் சாக்ஸைக் கழற்றி நீங்களே விரல்களைப் பாருங்கள். வெந்நீர்ப் பையைப் பாதத்தில் வைப்பதும் அவர்களுக்கு வேண்டாம்.

ஏப்ரலில் எடுத்து வைப்பது

பனி போனதும் உப்பைத் துடைத்து, லைனரைக் குளிர்ந்த நீரில் கையால் அலசி, முழுசாகக் காயவைத்து, தாள் திணித்து, காற்று போகும் இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் சோல் சீக்கிரம் இற்றுவிடும். படிப்பு முடிந்து மொத்தமாக ஊர் திரும்புகிறவர்கள் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். ஊட்டியில் அதைப் போட நாள் வராது, ஜூன் மழை தொடங்கினால் ஒரே மாதத்தில் பூஞ்சை பிடிக்கும். அடுத்த செப்டம்பரில் வரும் ஜூனியருக்குப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு, கம்பளி சாக்ஸை மட்டும் எடுத்து வாருங்கள்.